மேல்தெரு சரந்திஸ் செய்த ஒரே பிழை

மேடையில் அமர்ந்திருக்கும் தந்தை கிரிகோரிஸ் அவர்களே, ஊர்மன்றத் தலைவர் லம்ப்ரினி அவர்களே, நம் குடும்ப வரலாற்றுக் கழகத்தின் உறுப்பினர்களே, மெல்போர்னிலிருந்து வந்திருக்கும் உறவுகளே, மேல்தெருவே, கீழ்த்தெருவே! முதல் வரிசையில் இருக்கும் எவாந்தியா, கணவனை இழந்த உனக்கும் அப்பாவை இழந்த உன் மகள் மிர்சினிக்கும் தலை வணங்குகிறேன்.

என் பெயர் சரந்திஸ் குரூனிஸ். மறைந்தவரின் பெயரும் சரந்திஸ் குரூனிஸ். நான் கீழ்த்தெரு, அவர் மேல்தெரு. உங்களுக்குத் தெரியாததல்ல. ஆனாலும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. அவர் இறந்த நாளிலிருந்து இந்த ஊரின் ஒவ்வொரு மின்கம்பத்திலும் என் பெயர் கறுப்புக் கட்டத்துக்குள் ஒட்டப்பட்டிருக்கிறது.

ரொட்டிக்கடை ஃபோட்டினி அக்கா முதல் நாள் என்னைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார். பிரேயஸ் துறைமுகத்திலிருந்து என் சித்தி தொலைபேசியில் அழைத்தார்.

"டேய், நீ இருக்கியா?"

"இருக்கேன் சித்தி."

"அப்ப போனது யாரு?"

"மேல்தெரு சரந்திஸ்."

பிறகு சொன்னார்: "ஐயோ... அந்த நல்ல புள்ளையா?"

என்னை வளர்த்தவர் அவர். அவர் குரலில் நிம்மதி எங்கே முடிந்தது, வருத்தம் எங்கே தொடங்கியது? இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

இந்த மேடையில் நான் ஏன்? நான் பாடம் நடத்தும் பள்ளியின் வாசலுக்கே எவாந்தியா வந்து கேட்டாள்.

"நீதான் பேசணும்."

"நானா? எனக்கு அவன்மேல பொறாமைன்னு ஊருக்கே தெரியுமே."

"அதனாலதான் கேக்குறேன். அவர்மேல பாசம் வச்சவங்க மேடையேறினா ரெண்டாவது வரியில அழுதுடுவாங்க. நீ அப்படியில்ல. ஒண்ணு விடாம பார்த்திருப்ப."

பார்த்தேன். அவள் சொன்னது உண்மை. அவன் எப்படி நடந்தான், யாரிடம் எப்படிக் குனிந்து பேசினான், அவன் பேசும்போது மற்றவர்கள் நாற்காலியை எப்படி இழுத்துப் போட்டுக்கொண்டார்கள் என்பதையெல்லாம் பார்த்தேன். 'அவர்' என்று சொல்ல முயல்கிறேன், வரவில்லை. என்னைவிட ஐந்து மாதம் மூத்தவன். 'அவன்' என்றே சொல்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

மருந்தாளுநர் சரந்திஸ் குரூனிஸ்! நம் கழகத்தின் செயலாளர் சரந்திஸ் குரூனிஸ்! இறந்தவர்களுக்கு முகத்தை மீட்டுத் தந்த சரந்திஸ் குரூனிஸ்!

எங்கிருந்து தொடங்கியது அவனுடைய பணி? மருந்துக்கடையிலிருந்து. நம் வழக்கம் இருக்கிறதே: மூத்த மகனுக்கு அப்பாவின் அப்பா பெயர். நான்கு மகன்கள் பெற்ற கிழவருக்கு ஒரே தெருவில் ஒரே பெயரில் நான்கு பேரன்கள். நான்கு பேரும் ஒரே காலையில் மருந்துச் சீட்டோடு வந்து நின்றால்? ஒருவருக்கு ரத்த அழுத்தம், ஒருவருக்குச் சர்க்கரை. பெயரைப் பார்த்துக் கொடுத்தால் ஆள் போய்விடுவார். எனவே கேட்டான். யார் மகன்? யார் பேரன்? ஞானத்தந்தை யார்? எந்தக் கிணற்றில் தண்ணீர் எடுத்தீர்கள்? உயிரோடிருப்பவர்களிடம் தொடங்கிய கேள்வி மெல்ல மெல்லச் செத்தவர்களிடம் போய்ச் சேர்ந்தது.

காபிக்கடைப் பளிங்கு மேசையை நினைத்துப் பாருங்கள். சட்டைப் பையிலிருந்து கொண்டைக்கடலை எடுப்பான். மொச்சை, ஆலிவ் கொட்டை, பூண்டுத் தோல்.

"இந்தக் கடலை உங்க கொள்ளுத்தாத்தா. இந்த ஆலிவ் கொட்டை அவரோட சித்தப்பா மகன். ரெண்டு பேருக்கும் ஒரே பேரு. இப்ப இந்த மொச்சை யாருன்னு சொல்லுங்க பார்ப்போம்."

"என் தாத்தாவ மொச்சை ஆக்கிட்டியேடா, படுபாவி!" இது மனோலியோஸ் பெரியவர்.

"மொச்சைக்கு என்ன குறைச்சல் பெரியப்பா? உங்க எதிர்வீட்டுக்காரர் தாத்தா பூண்டுத் தோலு."

"அப்படியா? அப்ப சரி."

நான் தெசலோனிகியில் வரலாறு படித்தவன். ஏழு வண்ணத்தில் வம்ச அட்டவணை வரைந்திருந்தேன். ஒரு பிழை கிடையாது. அதே மேசையில் விரித்தேன். மனோலியோஸ் பெரியவர் அதன்மேல் காபிக் கோப்பையை வைத்தார்.

மெல்போர்னிலிருந்து வந்த அந்தக் குடும்பம் இன்று இங்கே இருக்கிறது. கல்லறையிலிருந்து எடுத்த எலும்புகளைப் பெயரெழுதிய பெட்டிகளில் வைக்கும் நம் எலும்பறையில் ஒரு பெட்டியைக் கட்டிப்பிடித்து அழுதீர்கள். பெயர் சரிதான். ஆள் வேறு. அதை முதலில் கண்டுபிடித்தது யார்? நான்! ஓடிவந்து சொன்னதும் நான்தான். "நீங்க தப்பான பெட்டிகிட்ட அழுறீங்க" என்றேன். அதற்குப் பிறகு நீங்கள் என் முகத்தைப் பார்க்கவில்லை. மறுநாள் அவனிடம் போய்க் கேட்டீர்கள்.

"அப்ப நாங்க அழுததெல்லாம் வீணா?"

"எப்படிம்மா வீணாகும்? அந்த மனுசனுக்குப் புள்ளகுட்டி கிடையாது. இவ்வளவு நாளா யாரும் அழல. உங்க அழுகைய அவரு வாங்கிக்கிட்டிருப்பாரு. வாங்க, உங்க தாத்தாகிட்ட கூட்டிட்டுப் போறேன்."

எலும்பறை வாசல்வரை உங்களை அழைத்துவந்தான். ஒரே உண்மையைத்தான் இருவரும் சொன்னோம். என்னிடம் கேட்டவர்கள் எழுந்து போனீர்கள். அவனிடம் கேட்டவர்கள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தீர்கள். ஏன்? இதைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது.

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு இதே மண்டபத்தில் ஒரு பழைய குடும்பத்தைப் பற்றி நான் கட்டுரை வாசித்தேன். நடுவில் எழுந்து நின்றான்.

"சரந்தி, ஒரு சின்ன விஷயம். நீ சொல்ற அந்தக் குழந்தை செத்துப்போச்சு. அதே பேர அடுத்த புள்ளைக்கு வச்சிருக்காங்க. கல்யாணம் பண்ணினது அந்த ரெண்டாவது புள்ள. ஞானஸ்நானத்த மட்டும் பார்த்துட்டு நின்னுடாத. அந்தப் புள்ள பொழச்சுதான்னும் கேளு."

மெதுவாகத்தான் சொன்னான். அன்பாகத்தான் சொன்னான். அன்பாகச் சொன்னதை எப்படி மன்னிப்பது?

இப்போது சிற்றாலயத்துக்கு வருகிறேன்.

கடல்முனையில் நிற்கும் புனித சோஸ்டிஸ் சிற்றாலயம். வாசல் கல்லில் என்ன எழுதியிருக்கிறது? கடலிலிருந்து பிழைத்த சரந்திஸ் குரூனிஸ் இருபத்தொரு வயதில் கட்டியது, 1891. அப்பா பெயர் இல்லை. அந்தக் காலத்தில் இரண்டு சரந்திஸ்கள் இருந்தார்கள். அண்ணன் யாகோவோஸின் மகன் ஒருவர், அவர் மேல்தெருவின் எள்ளுத்தாத்தா. தம்பி மிகாலிஸின் மகன் ஒருவர், அவர் கீழ்த்தெருவின் எள்ளுத்தாத்தா, என் எள்ளுத்தாத்தா. கட்டியவரின் வழிவந்தவர்தான் திருவிழா ஊர்வலத்தில் புனிதரின் திருப்படத்தைச் சுமக்க வேண்டும். நூறு ஆண்டுகளுக்கு மேலாக மேல்தெரு சுமந்தது. கீழ்த்தெரு சாலையோரம் நின்று பார்த்தது. என் அப்பா வாழ்நாள் முழுக்க அந்தச் சாலையோரத்தில் நின்றார்.

ஆறு ஆண்டுகளுக்கு முன் ஒரு செப்டம்பர் காலை. ஊர்வலம் புறப்படும் நேரம். திருப்படம் அவன் தோளில். இறக்கினான். எல்லார் முன்னாலும் பேசினான்.

"எங்க எள்ளுத்தாத்தாவுக்கு ஞானஸ்நானம் 1866-ல. இந்தக் கல்லு வச்சப்ப அவருக்கு இருபத்தஞ்சு. கீழ்த்தெருக்காரருக்கு ஞானஸ்நானம் 1870. சரியா இருபத்தொண்ணு. கட்டினது அவருதான். நாங்க இத்தன வருசமா அடுத்தவங்க சாமிய தூக்கியிருக்கோம். சரந்தி, இந்தா. புடி."

வாங்கினேன். என் அப்பா அன்று முதன்முறையாகத் தலை நிமிர்ந்து மேல்தெரு வழியாக நடந்தார். அடுத்த குளிர்காலத்தில் இறந்தார். நிறைவாக இறந்தார்.

ஆனால் ஊர் யாரைப் பார்த்தது? திருப்படம் என் தோளில், கண்கள் எல்லாம் அவன்மேல். "எப்படிப்பட்ட மனுசன்யா!" என்றார்கள். என்னைச் சொல்லவில்லை. ஆறு ஆண்டுகள் சுமந்தேன். ஒவ்வோர் ஆண்டும் அவன் பின்னால் சும்மா கை வீசிக்கொண்டு வந்தான். ஒவ்வோர் ஆண்டும் அவனைத்தான் பார்த்தார்கள்.

அன்பர்களே, போன வாரம் எலும்பறைக் கூரை ஒழுகியது. அவரவர் குடும்பப் பெட்டிகளை நகர்த்தும்படி தந்தை கிரிகோரிஸ் சொன்னார். மேல்தெரு வீட்டில் இப்போது ஆண் இல்லை. எவாந்தியா சிரிக்க முயன்றபடி சொன்னாள்: "எங்க பெட்டியயும் நீயே நகர்த்து. எல்லாத்துலயும் உன் பேருதான இருக்கு."

நகர்த்தினேன். பெரிய பெட்டிகளுக்குப் பின்னால், சுவரை ஒட்டி, செருப்புப் பெட்டி அளவில் ஒன்று. மரம். மேலே வண்ணத்தில் எழுத்து. சரந்திஸ். யாகோவோஸ் மகன். 1869.

திறக்கவில்லை. நீளமே போதும். மூன்று வயதுப் பிள்ளை.

புரிகிறதா? 1866-ல் ஞானஸ்நானம் பெற்ற பிள்ளை பிழைக்கவில்லை. அதே பெயரை அடுத்த பிள்ளைக்கு வைத்திருக்கிறார்கள். மேல்தெருவின் எள்ளுத்தாத்தா அந்த அடுத்த பிள்ளை. அந்த ஆண்டுகளின் பதிவுகள் பாதி ஈரத்தில் கரைந்தவை. குழந்தைச் சாவுகளை அன்று யாரும் பதியவும் இல்லை. கல் வைத்தபோது அவருக்கு இருபத்தைந்தாக இருக்கவே முடியாது. இருபத்தொன்று தாராளமாகப் பொருந்துகிறது.

என் எள்ளுத்தாத்தா? அவர் அப்போது தீவிலேயே இல்லை. தூரதேசத்தில், பிரெய்லா துறைமுகத்தில், தானியப் படகில் வேலையாக இருந்தார். எங்கள் வீட்டில் அவருடைய புகைப்படம் ஒன்று இருக்கிறது. அட்டையின் அடியில் பிரெய்லா, 1891 என்று அச்சிட்டிருக்கிறது. திருப்படம் கைக்கு வந்த வாரம் அப்பா அதைச் சுவரிலிருந்து கழற்றிக் கட்டிலுக்கடியில் வைத்தார். அதற்குப் பின் எங்கள் வீட்டில் பிரெய்லா பற்றி ஒருவரும் பேசியதில்லை. மேல்தெரு சரந்திஸ் கேட்கவும் இல்லை. வயதுக் கணக்கு போதும் என்று இருந்துவிட்டான்.

என்னைத் திருத்திய அதே பிழை! ஞானஸ்நானத்தைப் பார்த்தான், பிள்ளை பிழைத்ததா என்று கேட்கவில்லை. அவன்! சரந்திஸ் குரூனிஸ்! தவறிவிட்டான்!

நான் அந்த எலும்பறையில், அத்தனை பெட்டிகளுக்கு நடுவில், வாய்விட்டுச் சிரித்தேன். கோயில்பிள்ளை வாங்கெலிஸ் வாசலிலிருந்து கேட்டார்: "என்னப்பா, உள்ள யாரோட பேசுற?"

பிறகு சிரிப்பு நின்றது. அவன் தவறினான் என்று சொன்னால் திருப்படம் போய்விடும். என் அப்பா நிமிர்ந்து நடந்த நடையும் போய்விடும். சொல்லாவிட்டால் திருப்படம் இருக்கும். அவனும் இருப்பான், கறையே இல்லாமல், என்றென்றைக்கும், இந்த ஊர் அண்ணாந்து பார்க்கும்படி. எது எனக்குப் பெரிது? ஒரு வாரம் இதோடு கிடந்தேன். அப்பாவின் கல்லறைக்குப் போனேன். போய் நின்றேன். திரும்பி வந்தேன்.

எனவே கேளுங்கள். சிற்றாலயத்தைக் கட்டியவர் யாகோவோஸின் மகன். திருப்படம் மேல்தெருவுடையது. மிர்சினி, இந்தச் செப்டம்பரில் நீ சுமக்கிறாய். கனமாக இருக்கும். சரிவில் இறங்கும்போது இடது தோளுக்கு மாற்றிக்கொள். வலப்பக்கம் ஆணி குத்தும்.

யார் அது பின்வரிசையில்? மனோலியோஸ் பெரியவரா? என்ன சொல்கிறீர்கள்?

"அவனுக்குத் தெரிஞ்சிருக்கும்டா! உங்கப்பன் ரோட்டோரம் நிக்கிறத பார்க்க மாட்டாம, தெரிஞ்சே குடுத்திருப்பான்!"

இல்லை! இல்லை பெரியப்பா. இதை மட்டும் தரமாட்டேன். வேறு என்ன வேண்டுமானாலும் அவனுக்குக் கொடுங்கள். அவனுக்கு ஆஸ்துமா. அந்தப் பூஞ்சை வாடையில் அவனால் எலும்பறைக்குள் போகவே முடியாது. வாசலோடு நின்றுகொள்வான். பெட்டியை அவன் பார்த்திருக்கவே முடியாது. எவாந்தியா, நீ சொல். உனக்குத்தானே தெரியும். அவன் ஒருநாளாவது உள்ளே போயிருக்கிறானா?

ஏன் தலையைக் குனிந்துகொள்கிறாய்?

வேண்டாம். சொல்லாதே.

கழகத்தின் பணியை நான் தொடர்வேன். இந்த அவையின் முன் உறுதி சொல்கிறேன். ஒரே பெயரில் கிடக்கும் ஒவ்வொருவரையும் தனித்தனியே எழுப்பி நிறுத்துவேன். கடலையும் மொச்சையும் கொண்டுவருவேன், நீங்கள் கேட்டால். நாளைக் காலை முதல் குறிப்பை எழுதுகிறேன்: 'சிற்றாலயத்தைக் கட்டியவர் பற்றி மருந்தாளுநர் சரந்திஸ் குரூனிஸ் தவறாக முடிவு செய்தார்.' தவறாக. அந்தச் சொல்லை யாரும் அடிக்கக் கூடாது. அவன்மேல் உள்ள அன்பினாலும் அடிக்கக் கூடாது.

அவன் தவறினான். வாழ்நாளில் ஒரே ஒரு முறை. கண்டுபிடித்தவன் நான். இதையாவது எனக்கு விட்டுவிடுங்கள்.