மாப்பிள்ளை வாங்கிய சிப்

கார் வாங்கியவன் ஆறு மாதம் அதைத் துடைப்பான். ஏழாவது மாதம் அதற்கு ஏதாவது வாங்கி மாட்டுவான். இருபத்தெட்டு வருடமாக ஒர்க் ஷாப் வைத்திருக்கிறேன், ஐயா. இந்தச் சபலத்துக்குத் தப்பியவர்களை விரல் விட்டு எண்ணலாம்.

என் மருமகன் தன் பழைய காருக்கு வாங்கி வந்தது தீப்பெட்டி அளவு சிப். ஸ்டீயரிங்குக்குக் கீழே செருகினால் இழுவை கூடும் என்று அட்டையில் போட்டிருந்தது.

"மாமா, இது நிஜமாவே வேலை செய்யுமா?"

அந்த மாதிரி சிப்புகளைப் பிரித்துப் பார்த்தவன் நான். உள்ளே மின்னுகிற விளக்கு மூன்று. வேறு ஒரு மண்ணும் கிடையாது. மற்றவர்கள் கொண்டுவந்தால் குப்பைக்கூடையைக் காட்டுவேன். அவரிடம், "செய்யும் மாப்ளே, நல்ல சாமான்" என்றேன்.

நல்ல மனிதர், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. லாரிக்குப் பின்னால் மாட்டினால் பத்து மைலானாலும் பொறுமையாக ஊர்ந்தே வருவார். ஒரே குறை, வேலை மாற்றம் என்று என் மகளை ஒரு நாள் பயணத் தொலைவுக்குக் கூட்டிப்போகப் பார்த்தார். தாயில்லாமல் நான் வளர்த்த ஒற்றைப் பெண். "ரெண்டு வருஷந்தானேப்பா" என்று அவளும் சிரித்தாள். சிரித்திருக்க வேண்டாம்.

சிப்பைச் செருகினேன். கூடவே, அவருக்குத் தெரியாமல், அடைத்துக் கிடந்த ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டுப் புதிது போட்டேன். வண்டி துள்ளியது. எல்லாம் சிப் செய்த மாயம் என்று நம்பிவிட்டார். நான்கு ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் உட்கார்ந்து லாரிகளைத் தாண்டப் பழக்கினேன்.

"யோசிக்காதீங்க மாப்ளே, மிதிங்க. எந்திரிச்சு ஓடும்."

பயம் தெளிந்துவிட்டது.

வீடு மாற்றுகிற காலையில் மூட்டை முடிச்சையெல்லாம் காரில் திணித்தோம். அவர் முன்னால் போவது, மகளை மறுவாரம் நான் பஸ் ஏற்றிவிடுவது என்று ஏற்பாடு. அவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பழைய ஃபில்டரைத் திரும்ப மாட்டினேன். உங்கள் மேசையில் இருப்பது அதுதான், இன்ஸ்பெக்டர் ஐயா. முழு பாரம், மலை ஏற்றம், குறுகலான ரோடு. அவருக்கு அது போதும் என்று எனக்குப் பட்டது.

கிளம்புகிற நேரத்தில் மகள் கைப்பையோடு வந்து முன் சீட்டில் ஏறிக்கொண்டாள்.

"நானும் இப்பவே போறேம்ப்பா. பாவம், தனியா என்ன பண்ணுவாரு."

அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பானட்டைத் திறந்து மாற்ற இரண்டு நிமிடம். மாற்றினால் இருவரும் பத்திரமாகப் போய்ச் சேர்ந்துவிடுவார்கள். அதை யோசித்தேன். யோசித்துவிட்டு, அவள் பக்கத்துக் கதவை நானே சாத்தினேன். "பெல்ட்டைப் போட்டுக்கோம்மா" என்றும் சொன்னேன்.

மூன்றாவது வளைவில் மரம் ஏற்றிய லாரியைத் தாண்டப் போனாராம். பாதியில் வண்டி இழுக்கவில்லை. எதிரே பஸ். அவர் அங்கேயே போய்விட்டார். பெல்ட் போட்டிருந்ததால் இவள் பிழைத்தாள். சொன்னது நான்தான், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. பேச்சும் இல்லை. அவளுடைய பழைய அறையிலேயே படுக்க வைத்திருக்கிறேன். தலை வாருவது, ஊட்டுவது, துடைப்பது எல்லாம் என் கையால்தான். போகணும் என்று ஒரு நாளும் அவள் சொன்னதில்லை. நான் உள்ளே போனால் மட்டும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்கிறாள். ஜன்னல் வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது போலிருக்கிறது. நல்ல கனமான திரையாக ஒன்று வாங்கி மாட்ட வேண்டும்.