சுண்டுவிரல் சாட்சி

ஷேக் தாவூத்: …சும்மா சொல்லிட்டு வரலடி! மரத்துக் கெடந்த சுண்டுவிரல்ல உணர்ச்சி வந்துடுச்சு, எல்லாம் எம்மவ மிஸ்ரியா மருந்துதான்னு சொன்னேன். டீக்கடையில எங்கூட வேல பாக்குற தெய்வசிகாமணி டீயக் குடிக்கவே மறந்துட்டாரு.

ஜான் பீவி: அவருக்குக் காலு மரத்துப்போவுதாம். ஷிஃப்ட் முடிஞ்சதும் மருந்து கேட்டு வர்றாராம். உங்கத்தா பண்ணிட்டு வந்த காரியத்தப் பாத்தியா, மிஸ்ரியா?

மிஸ்ரியா: அத்தா! நான் லேப்ல மருந்து குடுத்தது எலிக்கு. நரம்பு அடிபட்ட எலிக்கு!

ஷேக் தாவூத்: வல்லாரைதானே? உங்கம்மா தெனமும் எனக்கு அரைச்சுக் குடுக்கிற துவையலும் அதானே?

மிஸ்ரியா: வல்லாரையிலேர்ந்து நான் பிரிச்செடுத்தது ஒரே ஒரு பொருள். துவையல்ல அது துளிதான் இருக்கும். மனுசங்களுக்கு இன்னும் குடுத்தே பாக்கல…

ஷேக் தாவூத்: எலி நடந்துச்சா, இல்லியா?

மிஸ்ரியா: நடந்துச்சு. மருந்து குடுக்காத எலியவிடச் சீக்கிரமாவே.

ஷேக் தாவூத்: கேட்டியாடி! யாரு மவ!

ஜான் பீவி: ஆமா… இத்தன வருசம் மைன்ஸ்ல கரி ஓடுற கன்வேயர் பெல்ட்டோட மல்லுக்கட்டி ஒரு கீறல் இல்ல. காடாம்புலியூர் பலாப்பழத்துக்கிட்ட மணிக்கட்டக் குடுத்துட்டு வந்தாரே, அவரு மவ!

ஷேக் தாவூத்: எண்ண தடவுன கை… கத்தி வழுக்கிடுச்சு…

மிஸ்ரியா: கைய நீட்டுங்கத்தா. கண்ண மூடுங்க. பஞ்சு படுற எடத்தச் சொல்லுங்க.

ஷேக் தாவூத்: ம்… பட்டுச்சு. சுண்டுவிரல்.

மிஸ்ரியா: நான் இன்னும் பஞ்சே எடுக்கலத்தா.

ஜான் பீவி: அட அல்லாவே!

மிஸ்ரியா: எங்க எலிங்க எவ்வளவோ மேல். பொய் சொல்லத் தெரியாது. சரி, மணிக்கட்டுலேர்ந்து லேசாத் தட்டிக்கினே வர்றேன்… ஏன் கைய இழுக்கிறீங்க?

ஷேக் தாவூத்: ஒண்ணுமில்ல.

ஜான் பீவி: ஒண்ணுமில்லாததுக்கா மூஞ்சி இப்படிக் கோணுது?

ஷேக் தாவூத்: …கரண்டு அடிச்சாப்ல விரலுக்கு ஓடுது. முன்ன மணிக்கட்டுல தட்டுனா அடிக்கும். இப்ப உள்ளங்கைக்கு வந்துடுச்சு. பரவிக்கினே போவுதும்மா…

மிஸ்ரியா: அத்தா! அதுதான் நல்ல சேதியே! தையல் போட்ட எடத்துலேர்ந்து நரம்பு வளந்துகினு வருது. நுனி எங்க வந்திருக்கோ, அங்க தட்டுனா அப்படித்தான் அடிக்கும்.

ஜான் பீவி: நெசமாவா? விரலுக்கு வந்துடுமா?

மிஸ்ரியா: வழியில இருக்கும்மா. ஆனா இது என் மருந்து இல்ல, ஆபரேசன் பண்ண டாக்டர் கை. தெய்வசிகாமணி மாமாகிட்ட அத நீங்களே சொல்லணும். ஆஸ்பத்திரிக்கும் கூட்டிக்கினு போவணும்.

ஷேக் தாவூத்: சொல்றேன்… கூட்டிக்கினு போறேன்.

மிஸ்ரியா: இல்லாத உணர்ச்சிய நம்ம குவார்ட்டர்ஸ் பிளாக் பூரா சொன்னீங்க. இருக்கிற வலிய ஏன்த்தா மறச்சீங்க?

ஷேக் தாவூத்: கை நோவுதுன்னு நான் சொன்னா… எம்மவ மருந்து தோத்துடுச்சுன்னு பேசிடுவாங்களேம்மா.