வானத்துக்கு யார் கயிறு பிடிப்பது?

தலைமைப் பொறுப்பைத் தாங்கி அமர்ந்திருக்கும் உப்புத் தொழிலாளர் சங்கத் தலைவர், தகைசால் பர்னபாஸ் அண்ணாச்சி அவர்களே! முன்வரிசையில் முகம் மலர்ந்திருக்கும் முதியோர்களே! பகலெல்லாம் உப்புப் பாத்தியில் வெயிலைக் குடித்துவிட்டு, இப்போது பந்தலில் என் பேச்சையும் குடிக்க வந்திருக்கும் தாய்மார்களே! கடைசி வரிசையில் பீடியை மறைக்கும் கடல்வீரர்களே! பள்ளியில் வேதியியல் சொல்லித்தரும் நாசரேத்து அற்புதமணியின் வணக்கம் உங்கள் அனைவருக்கும்!

யாரங்கே, சுருக்கமாகப் பேசச் சொல்வது? கடைசி பஸ் போய்விடும் என்ற பயம் எனக்கும் உண்டு ஐயா!

எது நம் கடல்? முத்துத் தந்த கடல்! சங்கு தந்த கடல்! உப்புத் தந்த கடல்! உப்பெடுத்த பின் வேண்டாமென்று கொட்டினோமே கசப்புத் தண்ணீர், அதற்குள்ளும் ஒரு செல்வத்தை ஒளித்து வைத்த கடல்! புரோமின் அதன் பெயர். செந்நிறத் திரவம், மூடியைத் திறந்தால் மூக்கை அறுக்கும் ஆவி. அதைப் பிரித்தெடுக்க உப்பளத்து மக்கள் தாங்களே ஒரு கொட்டகை போட்டார்களே, அந்தப் பெருமை யாருக்கு வாய்க்கும்?

சென்ற மாசியில் அந்தக் கொட்டகையில் நடந்ததை வெளியூரார் அறியமாட்டார்கள். குழாய் ஒன்று கசிந்தது. அங்கே வேலை பார்த்த பாஸ்கல், கைக்கெட்டிய அலுமினியச் சட்டியை அடியில் வைத்தார். இரும்பை உப்புக்காற்று தின்னும் ஊர் இது. கஞ்சிக்கும் அலுமினியம், குழம்புக்கும் அலுமினியம். அவர் வேறெதை எடுப்பார்? ஆனால் புரோமினுக்கும் அலுமினியத்துக்கும் ஆகவே ஆகாது. சற்று நேரம் சட்டி சும்மா இருந்தது. பிறகு பொறி பறந்தது. பிறகு வெடித்தது! செம்புகைக்குள் பாஸ்கல் விழுந்து கிடந்தார்.

அப்போது ஓடி வந்தார், இதோ பொன்னாடை ஏற்க அமர்ந்திருக்கும் மெட்டில்டா! முத்துக்குளித்த குடும்பத்து மகள்! "ஏளா, உள்ள போவாத, செத்துருவ!" என்று கூடிநின்றவர்கள் கத்தினார்கள். அவர் இடுப்பில் கயிற்றைக் கட்டி, மறுமுனையை அண்ணன் மனைவி பிளாரன்ஸிடம் கொடுத்தார்.

"மதினி, நான் அசைச்சா இழு. அங்கன இங்கன பாக்காத."

முத்துக்குளிக்கப் போகிறவன் கயிற்றை யாரிடம் கொடுப்பான்? மச்சானிடம் அல்லவா கொடுப்பான்! உடன்பிறந்தவளின் தாலிக்காகக் கண் இமைக்காமல் நிற்பவன் அவன் அல்லவா! அன்று மதினி நின்றார். மூச்சடக்கிப் போனார் மெட்டில்டா. கயிறு அசைந்தது. பிளாரன்ஸ் இழுத்த இழுப்பில், பாஸ்கலை அணைத்தபடி வெளியே வந்து விழுந்தார் மெட்டில்டா! பாஸ்கல், எழுந்து நில்லுங்கள். தொண்டை இன்னும் சரியாகவில்லை. கையை மட்டும் அசைக்கிறார். கை தட்டுங்கள் ஐயா!

இன்று சங்கத்தின் முன் ஓர் ஆர்டர் வந்திருக்கிறது. தானியக் கிடங்குகளில் பூச்சி கொல்லும் வாயு செய்ய, நம் புரோமின் முழுவதும் வேண்டுமாம். எடுப்பதா, விடுவதா? இந்தக் கூட்டத்தில் முடிவாக வேண்டும்.

வானத்தின் உயரத்தில் ஓசோன் என்றொரு மெல்லிய காப்பு உண்டு. நிழலே இல்லாத உப்பளத்தில் நிற்கும் நமக்கு, வெயிலின் கொடுங்கதிரை வடிகட்டித் தருவது அது. கிடங்கைத் திறந்ததும் அந்த வாயு வெளியேறும். மெல்ல மெல்ல மேலே ஏறும். அங்கே புரோமின் பிரியும். ஓர் ஓசோன் துகளைச் சிதைக்கும். தான் அழியாது. அடுத்ததைப் பிடிக்கும்! ஓசோனை இப்படியே சிதைக்கும் குளோரினைவிடக் கொடியது என்று அறிஞர்கள் சென்ற ஆண்டு, 1975-இல்தான் கணக்கிட்டிருக்கிறார்கள்.

"கணக்குதான டீச்சர்? கண்ணால கண்டவுக உண்டா?" என்கிறார் ஓர் அண்ணாச்சி. இல்லை அண்ணாச்சி, இன்னும் இல்லை. அந்தச் சட்டியும் வெடிக்கும் வரை சும்மாதான் இருந்தது!

"ஆர்டர விட்டா எங்க பொழப்பு என்னாவும்?" நியாயமான கேள்வி தாயே. மருந்துக்கும், சாயத்துக்கும், போட்டோ பிலிமுக்கும் புரோமின் வேண்டும். விற்க அலைய வேண்டியிருக்கும், மறைக்கமாட்டேன். உங்களோடு அலைய நானும் வருகிறேன்.

மெட்டில்டாவுக்குக் கயிறு பிடிக்க மதினி இருந்தார். வானத்துக்கு யார் இருக்கிறார்? நாம் இருக்கிறோம்! கடலின் கசப்பையும் செல்வமாக்கிய நாம் இருக்கிறோம்! அந்த ஆர்டர் வேண்டாம் என்பவர்கள் கை தூக்குங்கள்!

இதோ பிளாரன்ஸ். அதோ பாஸ்கல். பிழைப்பைக் கேட்ட தாயே... உங்கள் கையுமா! விற்க அலையும்போது முதல் ஆளாக நான் வருவேன் அம்மா.

உயர்ந்த கைகள் ஒவ்வொன்றுக்கும் என் நன்றி. கயிற்றை விட்டுவிடாதீர்கள். வணக்கம்!