மாத்தளை பஸ் ஓடும் வகுப்பு

— வாங்கு பெஞ்செல்லாம் வரிசையா அடுக்கி, ஒரு புள்ள கோழி மாதிரிக் கத்துது, இன்னொருத்தன் டிக்கட் டிக்கட்டெண்டு கூவுறான். இது இங்கிலீஷ் வகுப்பா மாஸ்டர், மாத்தளை பஸ்ஸா?

— பஸ்தான், மக்கீன் நானா. முதல்ல கதிரையில இருங்கோ. கோழியோட ஏறினவரைக் கண்டக்டர் இறக்கப் பாக்கிறார், அவர் இறங்கமாட்டன் எண்டு நிக்கிறார். எல்லாம் இங்கிலீஷிலதான். சண்டை எண்டால் பெடியளுக்குச் சொல்லு தானா வருகுது.

— நான் இரிக்க வரல்ல. என்ட மவன் லாபிர இண்டையோட நிப்பாட்டுறேன். அக்குறணைக் கடையில சாமான் கட்டட்டும்.

— இன்னும் ஒரு தவணை பொறுங்கோவன்.

— மூணு வருஷம் பொறுத்தாச்சு. வீட்டில சோறு போதும்ண்டு செல்றதோட சரி. இங்க வாயே தொறக்கிறதில்லயெண்டு நீங்கதானே காயிதம் எழுதினீங்க. முந்தி நீங்க எப்புடி ஈந்தீங்க! சண்முகநாதன் மாஸ்டரெண்டா கண்டியே நடுங்கும். தமிழ் பேசினவன்ட கழுத்தில பலகை. இன்னொருத்தன் தமிழ் பேசிப் பிடிபடுற வரைக்கும் கழட்ட ஏலா. வகுப்போட வெளிய போனாலும் பலகையும் கூட வரும். பள்ளிக்கூடம் விடுறப்ப ஆர்ட கழுத்தில ஈக்குதோ, அவனுக்குப் பிரம்படி. ரெண்டே மாசத்தில புள்ளயள் தொரமார் மாதிரிப் பேசிச்சே! அந்தப் பலகைய எடுங்க.

— அதை அடுப்பில வச்சு எரிச்சுப்போட்டன்.

— எரிச்சீங்களா? என்னத்துக்கு?

— கனவில வருகுது நானா. ஒரு பெடியன் பலகையோட வந்து என்ர மேசைக்கு முன்னால நிக்கிறான். வாய் அசையுது. சத்தம் இல்லை.

— பஹ்மியா?

— இல்லை. செத்த பிள்ளை ஒரு நாளும் வாறேல்லை. உங்கட லாபிர்தான் வாறான்.

— அவனுக்கு வேற வேல இல்ல. செத்தது என்ட தங்கச்சி றலியாட ஒரே மவன், மாஸ்டர். மூணு வருஷத்துக்கு முந்தி, குண்டசாலை ஆத்தங்கரைக்கு நீங்க வகுப்போட கூட்டிப் போன அண்டைக்கு. மத்தப் புள்ளயளெல்லாம் தூரத்தில, மேட்டில. பஹ்மிய ஆறு இழுக்கிறத என்ட மவன் மட்டும் கண்ணால கண்டான். உங்கள்ட்ட ஓடி வந்தான். வந்து வாய மூடிக்கொண்டு நிண்டானாம்! விசாரணையில நீங்கதான் சென்னீங்க.

— ஓம். சொன்னனான்.

— அண்டையிலருந்து றலியா என்ட வாசல்படி மிதிக்கல்ல. பெருநாளைக்குச் சோறு அனுப்பினா அப்புடியே திரும்பி வருது. ஒங்கட மவன் ஒரு சத்தம் போட்டீந்தா என்ட புள்ள உசிரோட ஈப்பானேண்டு அழுவுறா. நான் என்னத்தச் செல்ல? ஏண்டா கத்தல்லயெண்டு கேட்டுக் கேட்டு அவன அடிச்சீக்கிறேன், மாஸ்டர். கை நோவுற வரைக்கும் அடிச்சீக்கிறேன்.

— அவன் என்ன சொன்னான்?

— ஒண்டுமில்ல. தரையப் பாத்துக்கொண்டு நிண்டான்.

— என்ர பேர் ஏதும் சொல்லேல்லையோ?

— ஒங்கட பேரா? அத அவன் ஏன் செல்லணும்?

— நேற்று அவனைக் கண்டக்டர் ஆக்கினன். டிக்கட் கட்டு கையில. பஸ் முழுக்கப் பெடியள் சிரிக்கினம். அவனுக்கும் சிரிப்பு வந்திட்டுது. வாயைத் திறந்தான் நானா, நான் கண்டனான். பிறகு என்னைத் திரும்பிப் பாத்தான். மூடிட்டான்.

— பிரம்புக்குப் பயந்தீப்பான்.

— பிரம்பும் இல்லை இப்ப. நான் இல்லாத வகுப்பெண்டால் அவன் கதைப்பான். இடமாற்றம் கேட்டு எழுதியிருக்கிறன், வேற மாஸ்டர் வருவார். அவனை மட்டும் நிப்பாட்டாதேங்கோ.

— ஒரு கோழைக்காக நீங்க ஊர விட்டுப் போறதா? கண்ணுக்கு முன்னால மச்சான் சாகுறான், ஒரு வார்த்த கத்தல்ல அவன்!

— கத்தினவன், நானா.

— என்ன?

— சேர், பஹ்மிய ஆறு இழுக்குது, ஓடி வாங்க எண்டு, தமிழில, என்ர காதடியில நிண்டு கத்தினவன். எனக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கினது. நான்தான் பலகையை அவன்ர கழுத்தில மாட்டிப்போட்டு, இங்கிலீஷில சொல்லு எண்டனான்.