வேப்பமரத்தடியில நின்ன கமிட்டி

அட, பப்படத்தை அப்படியே வெச்சுப்போட்டீங்களே கத்தரீனாக்கா. சாப்பிடுங்க. சின்னக்கானல்ல இருந்து பஸ்ஸு மாறி மாறி வந்து, நாள் பூராக் கமிட்டில உக்காந்துட்டு, எங்கூட்டுல மோரை மட்டும் குடிச்சுட்டுப் போறேன்னா நான் விட்டுருவனாக்கும்?

ஏலக்காத் தோட்டத்து ஆளை எதுக்கு இங்க கூப்பிட்டாங்கன்னா கேக்கறீங்க? அது பெரிய கூத்துங்க. போன வருசம் ஆராய்ச்சிப் பணம் யாருக்குக் குடுக்கறதுன்னு பாக்க இந்தப் பக்கத்து விவசாயிகளைத்தான் உக்கார வெச்சாங்க. நானும் இருந்தேன். சொந்தக்காரங்க அப்ளிகேசன் வந்தா எந்திரிச்சு வெளிய போயிரோணும். மொத ஒண்ணை எடுத்தாங்க, பங்காளி பையன்னு பொங்கியண்ணன் போனாரு. அடுத்தது என்ற நாத்துனா புள்ளைது, நான் போனேன். எங்கூர்ல யாருக்கு யாரு சொந்தமில்லீங்க? கடைசில உள்ள ஆபீசரும் ஃபேனுந்தான். நாங்க அத்தனை பேரும் வேப்பமரத்தடில டீ குடிச்சுட்டு நின்னம். சிரிக்காதீங்க, பொரையேறும்.

அப்பறந்தான் இந்த யோசனை. எங்க பக்கத்துதை உங்க இடுக்கிக்காரங்க பாக்கறது, உங்க பக்கத்துதை நாங்க பாக்கறது. பேரையும் மறைச்சுப்போட்டாங்க. நெம்ப நல்லதுங்க, உள்ள உக்கார எடங் கெடைச்சுது பாருங்க.

இன்னுங் கொஞ்சம் பருப்பு ஊத்திக்கங்க. ஏனுங்க, வர்ற வழில சொன்னீங்களே, தென்னை வெள்ளை ஈ பத்தி ஒரு அப்ளிகேசன் வந்துச்சு, வேண்டாம்னு ஒத்தைக்கால்ல நின்னேன்னு. கோவமா? எனக்கெதுக்குங்க கோவம். எங்காளுங்க உள்ள இருந்திருந்தா கண்ணை மூடிட்டுக் குடுத்திருப்பாங்க. மாமியா வாங்கிக் குடுத்ததுன்னு ஊரே பேசியிருக்கும். அது அவளுக்கு வேண்டாமுங்க.

யாருக்கா? அதை எழுதுனவளுக்குத்தான். இப்ப உங்களுக்கு ரசம் ஊத்திட்டுப் போனாளே, என்ற மருமக கௌசிகா. பாவம், கண்ணு முழிச்சு எழுதுனா. மத்தியானம் சேதி வந்ததுல இருந்து, யாரு அந்தப் புண்ணியவான், எதனால தள்ளுனாங்கன்னு கேட்டுக்கிட்டேதான் இத்தனையுஞ் சமைச்சா. எனக்கே மனசு கேக்கலீங்க.

அட, எந்திரிக்காதீங்க. நீங்கதான்னு நான் இன்னும் சொல்லலை. எதனாலன்னு நீங்களே அவகிட்டச் சொல்லிப்போட்டுப் போங்க. திருத்திக்குவா, அடுத்த வருசமும் எழுதோணுமல்லங்க.

கௌசிகா, அந்தப் பாயசத்தை எடுத்துட்டு வா கண்ணு. அக்கா உங்கிட்ட ஒண்ணு பேசோணுமாம்.