யாருடையதும் இல்லாத மூக்கு

மாலை ரயில் பல்லாவரத்தைத் தாண்டி ஊர்ந்துகொண்டிருந்தது. மகளிர் பெட்டியில் எனக்கு எதிரே, கழுத்தில் அடையாள அட்டையோடு ஓர் இளம்பெண். பக்கத்தில் தலை நிறைய மல்லிகை வைத்த ஓர் அக்கா. தினமும் சேர்ந்து வருகிறவர்கள் போல.

“இன்னிக்கு எங்க லேப் மூக்கு மல்லிப்பூவைப் பிடிச்சிடுச்சு அக்கா,” என்றாள் அவள்.

நான் முகத்தை போனில் வைத்துக்கொண்டு காதை அங்கே வைத்தேன்.

“யார் மூக்குடி?”

“யாரோடதும் இல்ல. மனுஷ மூக்குல வாசனையைப் பிடிக்கிற புரோட்டீனை, லேப்ல வளர்க்கிற செல்லுல செய்ய வைக்கிறோம். வாசனை பட்டா லேசா வெளிச்சம் வரும்.”

“மல்லின்னு அதுக்குத் தெரியுமா?”

“தெரியாது. வெளிச்சம் மட்டும்தான்.”

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பினாள். “எனக்கு மல்லின்னு தெரியுது. அந்தக் கொரோனா காய்ச்சலுக்கப்புறம் வாசனைதான் வரல. பழக்கத்துல வாங்கி வச்சுக்கறேன்.”

பிறகு அக்கா அவளுடைய வெறும் பின்னலைப் பார்த்தாள்.

“நீ ஏன் பூவே வைக்கறதில்ல?”

“லேப்புக்குப் பூ, சென்ட் எதுவும் கூடாது. டெஸ்ட் கெட்டுடும்.”

“இப்ப வேலை முடிஞ்சிடுச்சுல்ல?” அக்கா தன் சரத்திலிருந்து ஒரு துண்டைக் கிள்ளி நீட்டினாள். “மோந்து பார்த்து, எப்படி இருக்குன்னு எனக்குச் சொல்லு.”

அவள் பூவை முகத்தோடு சேர்த்துக் கண்ணை மூடினாள். பேச வாயெடுத்தவள், மறுபடியும் பூவை மோந்தாள். குரோம்பேட்டை வந்து போனது.

“மெதுவா சொல்லு,” என்றாள் அக்கா. “தாம்பரம் வரைக்கும் இருக்கேன்.”