பச்சை விளக்குக்குக் கீழே இருந்த கதவு

இந்த விசாரணை அறையின் கதவு வெளிப்பக்கமாகத் திறக்கிறது. உட்கார்ந்ததும் அதைத்தான் பார்த்தேன். யார் கட்டினாரோ, விவரமானவர்.

கேள்வியெல்லாம் வேண்டாம், ஐயா. நானே சொல்கிறேன்.

அந்த நாடக அரங்கில் தீப் பாதுகாப்பு என் பொறுப்பு. அரங்கை நடத்தியது என் தங்கையின் கணவர். மாப்பிள்ளை கெட்டவர் இல்லை. ஆனால் அவசர வழிக் கதவின் மேல் எரியும் பச்சை விளக்கு அவருக்கு ஆகாது. கொலைக் காட்சிக்காக மேடையை இருட்டாக்கும்போது அந்த வெளிச்சம் காட்சியைக் கெடுக்கிறதாம். அதன் மேல் கறுப்பு டேப்பை ஒட்டிவிடுவார். நான் உரித்துப் போடுவேன். மறுபடி ஒட்டுவார்.

"மச்சான், பொணம் விழுற சீன்ல உங்க லைட்டு பச்சைப் பசேல்னு முழிக்குது. ஜனங்க சிரிக்கிறாங்க."

"தீப்பிடிச்சா எந்தப் பக்கம் ஓடுவீங்க, மாப்பிள்ளை?"

"ஓடுறவன் லைட்டைத் தேடிக்கிட்டா ஓடுவான்? கண்ணு போன பக்கம் ஓடுவான். வேணும்னா ஓடிக் காட்டட்டுமா?"

நடிகர்கள் கைகொட்டிச் சிரித்தார்கள். அந்தக் குழுவுக்கு உடை தைக்கும் என் தங்கை மட்டும் சிரிக்கவில்லை. "அண்ணன் சொல்றதுல என்ன தப்பு? புகை வந்தா நான் பச்சை லைட்டைப் பாத்துதான் போவேன்" என்றாள். சின்ன வயதிலிருந்தே என் பேச்சைத் தட்டாதவள்.

மாப்பிள்ளைக்குப் புரியவைக்க வேண்டியிருந்தது. வாயால் சொல்லி அலுத்துவிட்டது.

ஒத்திகை நாளாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன். பார்வையாளர்களோடு எனக்கு என்ன பகை? எல்லாரும் சாப்பிடப் போயிருந்தபோது, டேப் ஒட்டியபடியே அந்த பேட்டரி விளக்கைக் கழற்றி, எதிர்ச்சுவரில் இருந்த உடை அறைக் கதவின் மேல் மாட்டினேன். தங்கையை அன்று வீட்டிலேயே இருக்கச் சொல்லியிருந்தேன். யாருக்கோ மேலங்கி இறுக்கமாக இருக்கிறது என்று ஊசியும் நூலுமாக வந்துவிட்டாள். வேறொரு நாளுக்குத் தள்ளிப்போட்டிருக்கலாம். ஆனால் விளக்கை மாட்டியாகிவிட்டதே.

முன்வாசலை ஒத்திகை நேரத்தில் மாப்பிள்ளையே சங்கிலி போட்டுப் பூட்டுவார். பூட்டியது நான் இல்லை என்று குறித்துக்கொள்ளுங்கள்.

மேடை இருண்டது. உண்மையான அவசர வழிப் பக்கத்துத் திரைச்சீலையில் பெயின்டில் கலக்கும் தின்னரை ஊற்றிப் பற்றவைத்தேன். இருட்டோடு இருட்டாக எதிர்ப்பக்கம் வந்து டேப்பை உரித்தேன். உடை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

முதலில் கூச்சல். யாரோ எரிகிறேன் என்று அலறியபடியே மேடையிலிருந்து விழுவது கேட்டது. அந்தச் சத்தம் ஒரே அடியாகக் கேட்கவில்லை, தலை முதலில், உடம்பு பிறகு. அப்புறம் மாப்பிள்ளையின் குரல்: "பச்சை லைட்டுப் பக்கம் போங்கடா. பச்சை லைட்டு."

எனக்கு மனது நிறைந்துவிட்டது. அவரே சொல்லிவிட்டார். அதோடு நிறுத்தியிருக்கலாம் என்பீர்கள்.

கதவுக்கு முதலில் வந்தது தங்கை. புகையில் தன் சொந்த அறைக் கதவையே அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. கைப்பிடி அசைந்தது. அவள் பக்கம் இழுத்தால்தான் அது திறக்கும். என் பக்கம் நான் பிடித்துக்கொண்டேன்.

அவளுக்குப் பின்னால் மற்றவர்கள் வந்து மோதினார்கள். "தள்ளாதீங்க, தள்ளாதீங்க. எங்க அண்ணன் வச்ச லைட்டு. கண்டிப்பா வழி இருக்கும்" என்றாள். பிறகு பேச்சு வரவில்லை. விலா எலும்பு முறிவது ஒரு மரக்கதவைத் தாண்டியும் கேட்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. நகங்கள் கீழ்நோக்கிப் பிறாண்டிக்கொண்டே போயின, முழங்கால் உயரத்தில் நின்றன. கதவடியில் புகை வந்தது, அதன் பின்னால் ரத்தம் வந்தது. கைப்பிடி சுட ஆரம்பித்த பிறகுதான் விட்டேன்.

ஆமாம், எனக்குப் பின்னால் சந்துக்குப் போகும் கதவு திறந்துதான் இருந்தது. தங்கை முதலில் இழுத்தபோதே கையை எடுத்திருந்தால் எல்லாரும் அந்த வழியாக வெளியே போயிருப்பார்கள். ஆனால் அது அவசர வழி இல்லையே, ஐயா. தப்பான கதவு வழியாக ஆட்களை வெளியே விட எனக்கு அனுமதி கிடையாது.